வீடு வாங்கும்போது எது தேவை, எது விருப்பம்? எங்கள் பட்டியலில் எல்லாமே தேவையாகிவிட்டது

நித்தியகல்யாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு நாலறை வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். கணவருக்கு வயது 41, எனக்கு 38. மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். மகளுக்கு நான்கு வயது. சென்ற ஆண்டு மாமனார் காலமான பிறகு மாமியார் எங்களுடன் வந்துவிட்டார். அவருக்கு 70 வயது, வலது முழங்காலில் தேய்மானம். மகளின் அறையில் இன்னொரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒரு புடவையை எடுக்க வேண்டுமென்றாலும் பேத்தியின் விளையாட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டுத்தான் அவரால் அலமாரிக் கதவைத் திறக்க முடிகிறது. தினமும் இதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் வேறு வீடு வாங்குவது என்று தீர்மானித்தோம்.

முதலில் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் 'தேவை', மறுபக்கம் 'விருப்பம்' என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். மூன்று வாரத்தில் தேவைப் பக்கத்தில் 23 வரிகள் சேர்ந்துவிட்டன. விருப்பப் பக்கத்தில் இரண்டே இரண்டு. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம், பத்து மாடிக்கு மேல், மேற்கு வெயில் படாத கூடம், சன்னல் உள்ள சமையலறை, பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், ஈசான மூலையில் பூசைக்கு இடம், ஐந்தறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மாமியாரிடம் கேட்டால், "எனக்கு என்னம்மா, ஒரு மூலை போதும்" என்கிறார்.

இப்போது இரண்டு மறுவிற்பனை வீடுகள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று பொங்கோலில் 12 ஆண்டுப் பழைமையான ஐந்தறை வீடு, சுமார் 110 சதுர மீட்டர், கேட்கும் விலை 720,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மற்றொன்று தோ பாயோவில் ஒரு பழைய நாலறை வீடு, சுமார் 90 சதுர மீட்டர், இன்னும் 52 ஆண்டுக் குத்தகை இருக்கிறது, விலை 610,000 வெள்ளி. கணவரின் அக்கா அடுத்த புளோக்கில் இருக்கிறார், வைராவிமட காளியம்மன் கோயிலும் பக்கம். கணவர் பொங்கோல் என்கிறார், நாத்தனார் தோ பாயோ என்கிறார். எனக்கு எதைப் பார்த்தாலும் சரியென்று தோன்றுகிறது. வீடு வாங்கியவர்கள் தேவையையும் விருப்பத்தையும் எப்படிப் பிரித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

உளியும்_கையும் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் மரவேலை, வீடு புதுப்பிப்பு வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் சாவி கைக்கு வந்த மறுவாரம்தான் மக்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பல வீடுகளில் நினைத்ததுண்டு. நீங்கள் முன்னதாகவே கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் பட்டியலில் உள்ள 'ஐந்தறை' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கும் தெரிந்ததுதான், ஆனால் தாளில் ஏறும்போது மறந்துபோகிறது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கில் நாலறை வீட்டிலும் படுக்கையறை மூன்று, ஐந்தறை வீட்டிலும் பொதுவாக மூன்றுதான். கூடம் பெரிதாகும், உணவு மேசைக்குத் தனி இடம் வரும். மாமியாருக்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும் என்பதற்காக நீங்கள் இந்தப் பயணத்தைத் தொடங்கினீர்கள். பொங்கோல் வீட்டுக்கு 720,000 வெள்ளி கொடுத்து உள்ளே போனாலும் இப்போது இருக்கும் அதே மூன்று கதவுகள்தாம் இருக்கும். நான்காவது அறை வேண்டுமானால் உணவு மேசை இடத்தைத் தடுக்க வேண்டும். அந்த இடத்தில் சன்னல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சன்னல் இல்லாத இடத்தைத் தடுத்தால் கிடைப்பது பொருள் போடும் அறை. ஒரு மூத்தவரை அங்கே படுக்க வைக்க உங்களுக்கே மனம் வராது.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை அடுத்துப் பாருங்கள். சமையலறை அலமாரி, தரை, விளக்கு, கதவு இவற்றையெல்லாம் பணம் இருந்தால் என்றைக்கும் மாற்றலாம். பாரம் தாங்கும் சுவரை இடிக்கவே முடியாது. மற்ற சுவர்களை இடிப்பதற்கும் வீவகவின் அனுமதி வேண்டும். புதிய வீடுகளில் சட்டப்படி இருக்க வேண்டிய, 'பாம் ஷெல்டர்' என்று நாம் சொல்லும் பாதுகாப்பறையின் சுவரை இடிக்கக் கூடாது. அதன் கனத்த கதவையும் அப்படியே விட்டுவிட வேண்டும். உங்களுடைய பொங்கோல் வீட்டில் அது நிச்சயம் இருக்கும். தோ பாயோ வீடு அந்தச் சட்டத்துக்கு முந்தியது என்பதால் அங்கே இருக்காது. இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, ஆனால் தடுப்புச் சுவர் எங்கே வரலாம் என்பதைப் பல வீடுகளில் இந்த அறைதான் தீர்மானிக்கிறது.

இனி முழங்காலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நானே தவறிழைத்தவன். என் அம்மாவுக்காகப் பழைய மூவறை வீடொன்றைப் பார்த்தபோது, தொழில் தெரிந்த நான், குழாய், மின்கம்பி, கூரையில் நீர்க்கசிவு என்று எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். கழிவறைத் தரை வெளித் தரையைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்ததை அளந்தும் பார்த்தேன். அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. குடிபோன நான்காவது மாதம், முகம் கழுவும் தொட்டி சுவரிலிருந்து பெயர்ந்து தொங்கியது. ஒவ்வொரு முறையும் மேலே ஏறுவதற்கு அம்மா அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. தொட்டி பெயர்ந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே உங்கள் மாமியார் "ஒரு மூலை போதும்" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வீடுகளுக்கும் அவரைக் கூட்டிச் செல்லுங்கள். எதையும் கேட்க வேண்டாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். வாசற்படியில் எதைப் பிடிக்கிறார், கழிவறைக்குள் எந்தக் காலை முதலில் வைக்கிறார், மின்தூக்கியிலிருந்து வாசல் வரை எத்தனை முறை நிற்கிறார் என்று கவனித்தாலே உங்கள் பட்டியலின் முதல் மூன்று வரிகள் கிடைத்துவிடும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இருக்கும் வீவக வீடுகளுக்குப் பிடிகம்பி, வழுக்காத தரைப்பூச்சு, சிறு சரிவுப்பாதை ஆகியவற்றை அரசாங்க மானியத்தோடு போட்டுத்தரும் 'ஈஸ்' திட்டம் இருக்கிறது. அது மிகவும் பயனுள்ளது. ஆனால் ஒரு சாண் பள்ளத்தைச் சமப்படுத்த வேண்டுமானால் நீர்க்கசிவுத் தடுப்போடு கழிவறையையே திரும்பக் கட்ட வேண்டிவரும், அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கணக்கேடு எழுதியது:

அண்ணன் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். நான் கணக்கியல் துறையில் இருப்பவள் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் எல்லாமே தேவையாகத்தான் தோன்றும். அந்த எண் தெரிந்தவுடன் பாதி வரிகள் தாமாகவே இடம் மாறிவிடும்.

முதலில் இப்போதைய வீட்டை விற்றால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். வீட்டுக்காக மத்திய சேமநிதியிலிருந்து (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) எடுத்த தொகையை, அது சேமநிதியிலேயே கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு, உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திருப்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, பத்து ஆண்டுக்கு முன் ஒரே தவணையாக 150,000 வெள்ளி எடுத்திருந்தால், இன்று திருப்ப வேண்டியது ஏறக்குறைய 192,000 வெள்ளி. அது உங்கள் பணம்தான், அடுத்த வீட்டுக்கும் பயன்படும். ஆனால் ரொக்கமாகக் கைக்கு வராது. "வீடு இவ்வளவுக்கு விற்கும், கடன் போக இவ்வளவு மிஞ்சும்" என்று கணக்குப் போடுபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

ரொக்கம் எங்கே தேவைப்படும் என்றால், மதிப்பீட்டுக்கும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டில். 720,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்ட வீட்டின் மதிப்பு 695,000 என்று வந்தால், அந்த 25,000 வெள்ளியைக் கடனாகவும் சேமநிதியாகவும் கொடுக்க முடியாது, முழுவதும் ரொக்கம். 2014 மார்ச் முதல், விற்பவர் வாங்கும் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகுதான் மதிப்பீடு கேட்க முடியும் என்பதால், விலை பேசும்போது அந்த எண் யாருக்கும் தெரியாது. அருகில் அண்மையில் நடந்த விற்பனை விலைகள் வீவக இணையத்தளத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். முத்திரை வரி, 720,000 வெள்ளிக்கு 16,200 வெள்ளி ஆகும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பூங்காவைப் பார்த்த சன்னலுக்காக மதிப்பீட்டுக்கு மேல் 28,000 வெள்ளி கொடுத்தோம். எங்கள் முகவர் அவசரப்படுத்தினார் என்பது உண்மை, ஆனால் கையொப்பம் போட்டது நாங்கள். அந்த ரொக்கம் புதுப்பிப்புக்காக வைத்திருந்தது. ஏழு மாதம் தரையில் மெத்தை விரித்துப் படுத்தோம். சமையலறையில் அலமாரி இல்லாமல் பருப்பு டப்பாக்களும் மசாலாப் பொட்டலங்களும் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. பூங்கா அழகாகத்தான் இருந்தது. நானும் கணவரும் ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டிய பின் திரும்புபவர்கள். திரைச்சீலையை விலக்கிப் பார்த்த நாள்கள் குறைவு. அது எங்கள் தாளில் 'தேவை' என்ற தலைப்பின்கீழ், அதுவும் இரண்டாவது வரியாக, இருந்தது.

தோ பாயோ வீட்டைப் பற்றி ஒன்று. வீட்டின் எஞ்சிய குத்தகை, வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை நீடித்தால்தான் சேமநிதியை வரம்பு வரை முழுமையாகப் பயன்படுத்தலாம். உங்களுக்கு 38, குத்தகை 52, கூட்டினால் 90. ஐந்து ஆண்டு குறைகிறது. ஆகவே சேமநிதிப் பயன்பாடும் வீவக கடனும் அதற்கேற்பக் குறையும், அந்தப் பள்ளத்தை ரொக்கத்தால் நிரப்ப வேண்டும். விலை குறைவான வீட்டுக்குக் கையிலிருந்து கூடுதலாகக் கொடுக்க நேரலாம். இதைத் தெரிந்துகொள்ள முகவரைக் கேட்க வேண்டியதில்லை. வீவக வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். அது ஒன்பது மாதம் செல்லுபடியாகும். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று அதிலேயே தெரியும். மாமியாரை விண்ணப்பத்தில் சேர்த்து ஒன்றாக வசிப்பதற்காக மறுவிற்பனை வீடு வாங்கினால், இதற்கு முன் பெற்றிராதவர்களுக்கு 30,000 வெள்ளி அணுக்க வீட்டு மானியம் உண்டு; நான்கு கிலோமீட்டருக்குள் தனித்தனியாக வசித்தால் அது 20,000. இரண்டாவது வீடு வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மாதத் தவணை உங்கள் இருவரின் மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வீவக வீடுகளுக்கான விதி. அந்த எல்லை வரைக்கும் போகாதீர்கள் என்று ஒரு தங்கையாகக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் அறுவை, சின்னவளின் பாலர் பள்ளி, ஒருவருக்கு வேலை இல்லாத ஆறு மாதம், இவற்றில் ஏதாவது ஒன்று வரும்.

---

ஈசூன்வாசி எழுதியது:

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

ஒன்று, விலை பேசுவதற்கு முன் அந்த புளோக்கில் இன ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள். 1989-இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி இந்தியர்களுக்கும் பிற இனத்தவருக்கும் ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்பது வரம்பு. வரம்பு நிறைந்திருந்தால், விற்பவரும் இந்தியராகவோ பிற இனத்தவராகவோ இருந்தாலன்றி நம்மால் அந்த வீட்டை வாங்க முடியாது. நாங்கள் ஈசூனில் ஒரு வீட்டை மனத்தளவில் குடியேறியே முடித்துவிட்டோம். எந்த அறையில் யார் என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டைகூட வந்துவிட்டது. பிறகுதான் அந்த புளோக் நிறைந்துவிட்டது தெரிந்தது. வீவக இணையத்தளத்தில் முகவரியைத் தட்டினால் உடனே காட்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த விவரம் புதுப்பிக்கப்படும்.

இரண்டு, பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது மகளைப் பதிவு செய்தால், உடன்பிறந்தவர் என்ற முறையில் முதல் கட்டத்திலேயே அவளுக்கு இடம் உண்டு; அங்கே தூரம் கணக்கில் வராது. காலையில் யார் கொண்டுபோய் விடுவது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் தாளில் எழுத வேண்டும்.

---

நித்தியகல்யாணி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை அத்தையை இரண்டு வீடுகளுக்கும் கூட்டிச் சென்றோம். பொங்கோல் வீட்டில், "நல்ல காற்று வருகிறது, பெரிய கூடம்" என்று பாராட்டினார். உணவு மேசை இடத்தில் சன்னல் இல்லை. அதை நான் முன்பு இரண்டு முறை பார்த்தபோதும் கவனிக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போது வியப்பாக இருக்கிறது. தோ பாயோவில் கழிவறை வாசலில் நின்றவர், கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இடது காலை மெல்ல இறக்கினார். பிறகு அதே வழியில் ஏறி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மரவேலை அண்ணன் எழுதியதை நான் முன்பே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மூவரும் உட்கார்ந்தோம். "என்ன வேண்டும்" என்று கேட்காமல், "ஒரு நாள் எப்படிப் போகிறது, சொல்லுங்கள் அத்தை" என்று கேட்டேன். வெகு நேரம் பேசினார். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். எழுந்தால் குழந்தை விழித்துக்கொள்வாள் என்று மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருக்கிறார். வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு வந்து படுத்தால் தலை சுற்றுகிறது என்று போன மாதம் சொன்னதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ரிவர்வேல் கிரசெண்டில் உள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயிலுக்கு யாரையும் கேட்காமல் தாமாக நடந்து போய்விட்டு வருகிறார். "அந்த ஒரு மணி நேரம்தான் நான் முன்னே இருந்த மாதிரி இருக்கேன்" என்றார். ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கவே இல்லை.

பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினோம். தேவைப் பக்கத்தில் இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன: சன்னலும் கதவும் உள்ள நான்காவது அறை, அதிலிருந்து பத்து எட்டு வைப்பதற்குள் படி இல்லாத கழிவறை, அத்தை தனியாக நடந்து போகக்கூடிய தூரத்தில் கோயிலும் கடைகளும், வருமானத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாத தவணை. ஈசான மூலையை அத்தையே மறுபக்கத்துக்கு மாற்றச் சொன்னார். சாமி எங்கே வைத்தாலும் இருக்கும், சன்னல் அப்படி இல்லை என்றார். என்னுடைய சமையலறைச் சன்னலை நானும் கொஞ்சம் வருத்தத்தோடுதான் மறுபக்கத்தில் எழுதினேன். எம்ஆர்டி தூரத்தை மட்டும் கணவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அது கோட்டுக்கு நடுவில் இருக்கிறது.

பொங்கோல், தோ பாயோ இரண்டையும் விட்டுவிட்டோம். நாத்தனாருக்குச் சிறிது மனக்குறை உண்டு, நேரில் போய்ப் பேச வேண்டும். இப்போது செங்காங்கிலேயே, ரிவர்வேல் பக்கத்தில், உணவு மேசை இடத்தில் சன்னல் உள்ள ஐந்தறை வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய புளோக். இளையவளான எனக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடிக்கிறது. கழிவறையில் விரல் அளவே உயரமுள்ள ஒரு தடுப்பு இருக்கிறது. மரவேலை அண்ணன் நேரம் ஒதுக்கினால் அதன் படத்தை அனுப்புகிறேன், அதை எடுத்துவிட முடியுமா என்று சொல்லுங்கள். தகுதிக் கடிதத்துக்கு நேற்று இரவு விண்ணப்பித்தோம். இந்த மாத நிலவரப்படி அந்த புளோக்கில் நமக்கான ஒதுக்கீடு நிறைந்திருக்கிறது, விற்பவர் சீனர். முதல் தேதி விவரம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, மாறினால் அன்று மாலையே அத்தையை அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம்.